கதவும் கவசமும் இல்லாத இலகு ராணுவ வண்டி சண்டைக்கு ஏற்றதா?

ஆற்றுமணல்:
வணக்கம். அமெரிக்கத் தரைப்படை 2020-ல் தேர்ந்தெடுத்த இன்ஃபன்ட்ரி ஸ்குவாட் வெஹிக்கிள் (காலாட்படைக் குழு வண்டி) பற்றி ஒரு சந்தேகம். ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய செவ்ரோலே கொலராடோ பிக்அப்பை அடிப்படையாக வைத்துச் செய்தது. மேலே குழாய்க் கூண்டு மட்டும்தான். கதவு இல்லை, கவசம் இல்லை. 9 வீரர்கள் ஏறுகிறார்கள். இயந்திரத் துப்பாக்கியால் ஒரு வீச்சு வீசினால் மொத்தப் பேரும் போய்விடுவார்களே! பக்கவாட்டிலாவது தகடு அடித்தால் என்ன?

இரும்புத்தடம்:
கணக்குப் போட்டுப் பார்ப்போம் நண்பரே. அந்த வண்டி சுமார் 1,450 கிலோ சுமக்கும். எஃகு 1 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. சாதாரண ரைஃபிள் தோட்டாவைத் தடுக்கவே கடினப்படுத்திய எஃகில் 7 மி.மீ. வேண்டும் என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 55 கிலோ. 9 பேர் உட்காரும் இடத்தின் நான்கு பக்கத்தையும் மூட 15 சதுர மீட்டராவது ஆகும். அது 825 கிலோ. குண்டு துளைக்காத கண்ணாடி 50 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 125 கிலோ. 2 சதுர மீட்டருக்கு 250. ஆக 1,075 கிலோ. மிச்சம் 375. முழுத் தளவாடத்தோடு ஒரு வீரர் 130 கிலோ என்றால், மூன்றாவது ஆள் ஏறும்போதே அளவு மீறிவிடும். இவ்வளவுக்கும் தரையும் கூரையும் திறந்தேதான் கிடக்கின்றன. கவசம் துளைக்கும் தோட்டா வந்தால் அந்தத் தகடும் நிற்காது.

கிடைத்த இரும்பை வெட்டி ஒட்டுவது இன்னும் மோசம். கடின எஃகை வெல்டிங் செய்தால் பற்றுவைத்த இடத்தை ஒட்டிய பட்டை சூட்டில் இளகிவிடும். தோட்டா அங்கேதான் புகும். போல்ட் போட்டு இறுக்கினால், அடி விழும்போது போல்ட் தலையே தெறித்து உள்ளே இருப்பவர் மேல் பாயும்.

அமெரிக்கப் படையின் பழைய வண்டியான ஹம்வியின் கதையும் இதுதான். வெறும் வண்டியாக ஏறத்தாழ 2.3 டன். ஈராக்கில் சாலையோர வெடிகளுக்கு எதிராகக் கவசம் ஏற்றியபோது எடை ஏறக்குறைய இரட்டிப்பானது. முன்சக்கர மூட்டான பால் ஜாயிண்ட்டும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் தேய்ந்தன, பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்தது. மேலே துப்பாக்கிச் சுழல்மேடையும் அதன் கேடயமும் வந்ததால் எடைமையம் உயர்ந்து, வாய்க்கால் கரையில் வண்டி உருளத் தொடங்கியது. கவிழ்ந்த வண்டியிலிருந்து கனத்த கதவைத் தள்ளித் திறந்து வெளியேறத் தனிச் சுழல் இயந்திரம் வைத்தே பயிற்சி கொடுக்க வேண்டிவந்தது. இத்தனைக்குப் பிறகும் தட்டையான அடிப்பாகம் அப்படியே இருந்ததால் கண்ணிவெடிக்கு அது பதிலாகவில்லை.

வெண்கொற்றன்:
முந்தைய பதிவோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அடிப்படைக் கேள்வியே வேறு என்பேன்: இது சண்டை போடும் வண்டியா, சண்டை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவிடும் வண்டியா? இரண்டாவதுதான். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் அடியில் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம், சினூக் ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள் ஏற்றலாம். இறக்கிய இடத்திலிருந்து 30 கி.மீ. நடக்க வேண்டியவர்கள் களைப்பில்லாமல் போய்ச் சேர்வார்கள். முதுகில் 45 கிலோவோடு அவ்வளவு தூரம் நடந்தவர் போய்ச் சேர்ந்ததும் குறிபார்த்துச் சுடுவது கடினம்.

அதனால் எங்கே இறங்குவது என்பதுதான் உயிர்நாடி. முக்காலியில் வைத்த நடுத்தர இயந்திரத் துப்பாக்கி 1,800 மீட்டர் வரை வேலை செய்யும். டாங்கி எதிர்ப்பு ஏவுகணைக்கு 4, 5 கி.மீ. சாதாரணம். எதிரியின் பார்வைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மேடோ அடர்ந்த காடோ இருக்க வேண்டும். நின்ற பிறகு திருப்பக்கூடாது, முகம் வெளியேறும் பக்கம் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே 50 மீட்டருக்குக் குறையக்கூடாது.

சுமையிலும் கவனம் தேவை. 9 பேர் 1,170 கிலோ. மிச்சம் 280-ல் மூன்று நாள் தண்ணீர், ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்றாலே 135 கிலோ. கூடுதல் வெடிபொருளும் வானொலி பேட்டரியும் மீதி 145 கிலோவுக்குள் அடங்க வேண்டும். முதுகுப்பைகள் வெளியே கட்டப்படுவதால் வார் கிளையில் மாட்டும், அவசரத்தில் கைக்கு எட்டாது. உள்ளே நெருக்கம் அதிகம், ஓடும்போது ஆயுதத்தை எடுத்துத் திருப்புவது சிரமம் என்று பென்டகனின் சோதனைப் பிரிவே எழுதியிருக்கிறது. ஆகவே யார் முதலில் குதிப்பது, யார் எந்தத் திசையைக் காப்பது என்பதை இருட்டில் செய்து பழக வேண்டும்.

ஆற்றுமணல்:
நன்றி ஐயா, தெளிவாயிற்று. அப்படியென்றால் தினசரி ரோந்துக்கு இதை அனுப்பலாமா?

வெண்கொற்றன்:
கூடவே கூடாது. ஒரே சாலையில் திரும்பத் திரும்பப் போனால் எதிரி வெடியைப் புதைத்துக் காத்திருப்பான். நேட்டோவின் தரவரிசையில் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு என்பதே 6 கிலோ வெடிமருந்தைச் சக்கரத்தடியிலோ நடுவயிற்றிலோ தாங்குவது. அதற்கு V வடிவ அடிப்பாகம், நல்ல உயரம், தரையைத் தொடாமல் தொங்கும் இருக்கை எல்லாம் வேண்டும். பிரிட்டனின் இலகு கவச வண்டியான ஸ்னாட்ச் லேண்ட் ரோவர் வட அயர்லாந்துத் தெருக்களுக்காகச் செய்யப்பட்டது. அதை ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பினார்கள். மாற்று வண்டி தருவதில் ஏற்பட்ட தாமதத்தை ஈராக் போர் பற்றிய பிரிட்டனின் விசாரணையாக 2016-ல் வந்த சில்காட் அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. வண்டியைத் தவறான வேலைக்கு அனுப்பிவிட்டு வீரரின் உயிரை விலையாகக் கொடுப்பதை மன்னிக்கவே முடியாது.

தொலைநோக்கி:
சுமைக் கணக்கில் இருவரும் சொன்னது சரி. ஆனால் மேடு மறைத்தால் போதும் என்பது உக்ரைன் போருக்கு முந்தைய நிலை. ஆர்பிஜி (தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டு) வெடிமுனையைச் சுமக்கும் எஃப்பிவி ட்ரோன் (கேமரா வழியே பார்த்து ஓட்டுவது) 10 கி.மீ.க்கு அப்பாலும் தேடி வருகிறது. இறங்குமிடமும் அதற்கேற்பப் பின்னால் போயாக வேண்டும். திறந்த வண்டிக்கு இதில் ஒரு நல்லதும் உண்டு: நாலாபுறமும் கண்ணுக்குத் தெரியும், ட்ரோனின் இரைச்சல் காதில் விழும், கதவைத் தேடாமல் குதிக்கலாம். கெட்டது, பக்கத்தில் வெடித்தாலே சிதறல் எல்லாரையும் தைக்கும்.

ட்ரோனின் வானொலி அலையைக் குலைக்கும் ஜாமரை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடி இழைக் கம்பியை இழுத்தபடி பறக்கும் ட்ரோனை அது தொடாது. ட்ரோனைத் தடுக்கக் கம்பிக்கூண்டு மாட்டினால் இரண்டு பக்கமும் குதிக்க வழி விடுங்கள். எஞ்சின் சூடு இரவிலும் வெப்பக் கேமராவில் பளிச்சென்று தெரியும். அதனால் ஆட்களை இறக்கியதும் வண்டியை அங்கே நிறுத்தாமல், சில கிலோமீட்டர் பின்னே மரத்தடிக்குக் கொண்டுபோய் வலையால் மூடி, டயர் தடத்தையும் கலைத்துவிட வேண்டும்.