கழிவுநீர், கழிப்பறை, குடிநீர்: படிக்க எதை முதலில் எடுப்பது?

புதுவரப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியல் படித்தவள். கட்டுமானம், குழாய்ப் பணி எதுவும் தெரியாது. குடிநீர், கழிவுநீர், கழிப்பறை மூன்றையும் சேர்த்துத் திட்டமிடும் ஒரு சிறிய குழுவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். அன்று முதல் ஆளாளுக்கு ஒரு கையேட்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றைத் திறந்தால் உயிரிவாயுக் கலன், அடுத்ததில் நாணல் படுகை, இன்னொன்றில் மழைநீர்ச் சேகரிப்பு. தனித்தனியாகப் படித்தால் எல்லாம் புரிகிறது. ஒன்றோடொன்று எங்கே பொருந்துகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

பொறியியல் பின்னணி இல்லாதவர் எந்த வரிசையில் படிக்கலாம்? கட்டணம் இல்லாதவையாக இருந்தால் நல்லது. பட்டியல் வேண்டாம், பட்டியல்கள் என்னிடம் நிறையவே இருக்கின்றன. நீங்கள் எதைப் படித்தீர்கள், எது உதவியது என்று சொல்லுங்கள்.

கசடுக்கணக்கன் எழுதியது:

புதுவரப்பு, அந்தக் கையேடுகளைச் சில வாரங்களுக்கு மூடிவையுங்கள். அழிக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும். அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தொழில்நுட்பத்தின் மேல் காதல் கொண்டவர்கள் எழுதியவை. உயிரிவாயுக்காரரிடம் போனால் எல்லாச் சிக்கலுக்கும் உயிரிவாயுதான் விடை. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கழிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற முழுப் பாதை தெரியாமல் அவரிடம் போனால், அவர் விற்பதை வாங்கிக்கொண்டுதான் திரும்புவீர்கள்.

முழுப் பாதையைக் காட்டும் நூல் என்று நான் கையில் கொடுப்பது ஒன்றைத்தான்: சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட சுகாதார அமைப்புகள், தொழில்நுட்பங்கள் பற்றிய 'காம்பெண்டியம்'. முதல் பதிப்பு 2008இல் வந்தது. நீங்கள் 2014இல் வந்த திருத்திய இரண்டாம் பதிப்பை எடுங்கள். இலவசமாகவே தரவிறக்கலாம். கழிப்பறை இருக்கை, சேகரிக்கும் குழி அல்லது தொட்டி, எடுத்துச்செல்லும் வழி, சுத்திகரிப்பு, கடைசியில் மறுபயன்பாடு அல்லது அகற்றல் என்று ஐந்து கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு தொழில்நுட்பத்துக்குச் சில பக்கங்களே. படத்தைப் பார்த்தாலே பாதி விளங்கும்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இதைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்வேன். சிரிப்பார்கள். ஆனால் கழிப்பறையைத் தேர்ந்தெடுப்பது யாருக்கும் கைவரும். உலர்ந்த கசடை வாங்கிக்கொள்ள நிலம் இருக்கிறதா, அந்த நிலத்துக்காரர் சம்மதிக்கிறாரா என்பதில்தான் திட்டங்கள் படுத்துவிடுகின்றன. கடைசிக் கட்டத்தில் எது சாத்தியம் என்று தெரிந்துவிட்டால், முன்னால் இருக்கும் நான்கு கட்டங்களிலும் பாதித் தேர்வுகள் தாமாகவே கழிந்துவிடும்.

அதில் செப்டிக் டேங்க் பற்றிய பக்கத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நன்றாக வடிவமைத்து, ஒழுங்காகப் பராமரிக்கும் தொட்டியே திடப்பொருளில் ஏறக்குறைய 50 சதவீதத்தையும், பி.ஓ.டி.யில், அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவில், 30 முதல் 40 சதவீதத்தையும், மலக்கிருமியான இ.கோலையில் ஒரு லாக் அளவையும்தான் குறைக்கும். ஒரு லாக் என்றால் என்ன என்று வேதியியல் படித்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, குழுவில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்: ஒவ்வொரு லாக்கும் எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாக்கும். நூறு மில்லிலிட்டரில் ஒரு கோடி இ.கோலை உள்ளே போனால், பத்து லட்சம் வெளியே வரும். அந்த நீரைத் திறந்த வடிகாலில் விட்டுவிட்டு 'எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் எத்தனை பேர்! தொட்டிக்குப் பின்னால் உறிஞ்சுகுழியோ வேறு சுத்திகரிப்போ கட்டாயம் வேண்டும். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடையும் அள்ள வேண்டும். அள்ளிய கசடு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி.

அதற்கு விடை தேடுவதுதான் எஸ்.எஃப்.டி. என்னும் மலக்கழிவு ஓட்டப்படம். ஒரு நகரத்தில் உருவாகும் கழிவில் எவ்வளவு பாதுகாப்பாகக் கையாளப்படுகிறது, எவ்வளவு வழியிலேயே நழுவுகிறது என்பதைப் பச்சை, சிவப்பு அம்புகளாக ஒரே பக்கத்தில் காட்டும். 2007இல் தொடங்கிய சுசானா என்ற நிலைத்த சுகாதாரக் கூட்டமைப்பின் வழியாகப் பல நகரங்களின் அறிக்கைகள் கிடைக்கின்றன. படத்தோடு நின்றுவிடாமல் அறிக்கையையும் படியுங்கள். எந்த எண் அளந்தது, எந்த எண் ஊகித்தது என்பது அறிக்கையில்தான் தெரியும். அம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இருப்பது யாரோ ஒருவருடைய ஊகமாக இருக்கலாம்.

வகுப்பு கேட்டுப் பழகியவர் என்றால், லோசான் தொழில்நுட்பக் கழகமும் ஈவாக்கும் சேர்ந்து நடத்தும் கோர்செரா பாடங்கள் இருக்கின்றன. சுகாதார அமைப்புகளைத் திட்டமிடல், மலக்கசடு மேலாண்மை என்ற இரண்டும் உங்களுக்கு ஏற்றவை. காணொளிகள் யூடியூபிலும் உண்டு. சான்றிதழ் தேவையில்லை என்றால் அங்கேயே பார்த்துவிடலாம்.

அள்ளுகருவி எழுதியது:

கணக்கன் ஐயா சொன்ன வரிசையில் குறை இல்லை. ஆனால் எல்லாமே காகிதமாக இருக்கிறது. நான் கசடு அள்ளும் வண்டிகளைப் பராமரிக்கிறவன். முதலில் ஒரு தொட்டியைத் திறந்து அள்ளுவதைப் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் மூடி இருக்கும். நேரில் மூடியின் மேல் தரை போட்டிருப்பார்கள். அடியில் இருப்பது குழம்பு அல்ல, இறுகிப்போன களி. துணி, பிளாஸ்டிக், மணல் எல்லாம் அதில் கலந்திருக்கும். குழாய் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, உள்ளே இறங்கலாம் என்று நினைத்தவர்கள் செத்துப்போயிருக்கிறார்கள். வடிவமைப்பு நூல்களில் இது ஓரமாகத்தான் வருகிறது. 2019இல் உலக வங்கி, சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வாட்டர்எய்டு, உலக சுகாதார நிறுவனம் நான்கும் சேர்ந்து துப்புரவுப் பணியாளர்களின் உடல்நலம், பாதுகாப்பு, கண்ணியம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. திட்டமிடுகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். மனிதர் இறங்காமல் அள்ள முடியாத தொட்டியை வரைபடத்திலேயே அடித்துவிடலாம்.

புதுவரப்பு எழுதியது:

இருவருக்கும் நன்றி. காம்பெண்டியத்தைக் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கிவிட்டேன். வண்டியோடு ஒரு நாள் போகவும் கேட்டிருக்கிறேன். குடிநீர்ப் பக்கத்துக்கு எதைப் பிடிப்பது? கழிவுநீரைப் பயிருக்கு விடலாம் என்று குழுவில் ஒருவர் விடாமல் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கசடுக்கணக்கன் எழுதியது:

அள்ளுகருவி சொன்னதை மறுக்க ஒன்றுமில்லை. அந்த அறிக்கையை என் வரிசையிலும் முன்னால் கொண்டுவருகிறேன்.

பயிர்க்காரருக்கு, கழிவுநீரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி 2006இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்களைக் கொடுங்கள். நான்கு தொகுதிகள், விவசாயத்துக்குக் கழிவுநீர் என்ற இரண்டாம் தொகுதி மட்டும் போதும். சுத்திகரிப்பு நிலையம் ஒன்றையே நம்பாமல் வழி நெடுகத் தடுப்புகள் வைக்கும் சிந்தனை அதில் இருக்கிறது. காயைத் தண்ணீரில் கழுவினால் ஒரு லாக், தோல் சீவினால் இரண்டு லாக், சமைத்தால் ஆறு முதல் ஏழு லாக் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குண்டு. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வேகவைக்கும் கிழங்குக்கும் ஒரே விதி பொருந்தாது என்று அவருக்கே புரியும். அதை நடைமுறைக்குக் கொண்டுவர, 2022இல் இரண்டாம் பதிப்பாக வந்த சுகாதாரப் பாதுகாப்புத் திட்டமிடல் கையேடு இருக்கிறது. யாருக்கு, எந்த இடத்தில், எந்த வழியாக ஆபத்து என்று கேட்டுக்கொண்டே போகும். வயலில் நிற்பவர், அள்ளுபவர், உண்பவர் மூவருமே அதில் வருவார்கள்.

குடிநீருக்குக் கனடாவின் காஸ்ட் நிறுவனத்தின் பயிற்சிப் பாடங்களை எடுங்கள். ஆசிரியருக்கு வேண்டிய படங்கள், செய்முறைகளோடு கிடைக்கின்றன. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறவருக்கு இதைவிட வசதியானது நான் பார்த்ததில்லை. குளோரின் பகுதி உங்களுக்குச் சொந்த வீடு போல இருக்கும். குறைந்தது 30 நிமிடம் கலந்திருந்த பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்ற விதிக்கு, பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8க்குக் கீழே என்ற நிபந்தனையும் உண்டு. களப்பணியாளர்கள் இந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். பி.எச். ஏற ஏற, குளோரின் நீரில் கரைந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம், வலுக்குறைந்த ஹைப்போகுளோரைட்டாக மாறிவிடும், கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். இதைக் குழுவுக்கு விளக்க உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

கழிப்பறையும் குடிநீரும் சந்திக்கும் இடம் கிணறு. குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டர் இடைவெளி, குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 2 மீட்டர் என்று நூல்களில் இருக்கும். மண் சீராக இருந்தால் அது சரி; வெடிப்புள்ள பாறையில் அந்த எண்களை நம்பாதீர்கள். கிணற்று நீரைச் சோதிக்கும்போது நைட்ரேட்டையும் பாருங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். இ.கோலை இல்லை, நைட்ரேட் மட்டும் அதிகம் என்று வந்தால் குழிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிவிடாதீர்கள். கிருமியை மண் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட் கரைந்து போய்க்கொண்டே இருக்கும். நைட்ரேட் உரத்திலிருந்தும் வரலாம் என்பதால், குழியா உரமா என்று பிரித்தறியக் குளோரைடையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். எண்கள் கைக்கு வந்ததும் இந்த இழையிலேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.