யாழ்ப்பாணத்தில் நான், கொழும்பில் இவர்

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது என் கணவர் இவருக்குக் கொழும்பில் அரசாங்க வேலை. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் மாமியும் சின்ன மகனும். பாதை மூடுபட்டது, கரண்ட் போனது, தொலைபேசி இல்லை. இவர் வந்தால் திரும்பிப் போக விடுதலைப் புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், பிணைக்கு ஆள் காட்ட வேண்டும், அதற்குள் வேலை போய்விட்டால் என்ன செய்வது? வரவேண்டாம் என்று நானேதான் எழுதினேன்.

விடிய எழும்பி தண்ணீர் அள்ளி, விறகடுப்பில் சமைத்து, மகனை மாமியிடம் விட்டுவிட்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போவேன். சவர்க்காரம் கிடைக்காத நேரம் பனம்பழத்தில்தான் சேலை தோய்த்தோம், கொடியில் போட்டால் அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும், மாமி தடியோடு காவல் இருப்பார். குண்டு போடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் பிள்ளைகள் நான் சொல்லாமலே பதுங்குகுழி பங்கருக்குள் இறங்குவார்கள், அப்புறம் மேலே வந்து விட்ட கணக்கிலிருந்து தொடங்குவோம். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

இரவில் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், மெல்லிய நூல் திரி, அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் கொப்பி திருத்திவிட்டு இவருக்கு எழுதுவேன். கிளாலிக் கடல் வழியால் படகில் போகிறவர்கள் யாராவது கொண்டுபோவார்கள். 1993 தொடக்கத்தில் அந்தக் கடலில் படகில் போன சனங்களைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஒருவரிடம் கடிதத்தை நீட்டவே மனம் கூசியது. கடிதங்கள் முன்பின்னாக வந்து சேரும் என்பதால் இவர் மூலையில் இலக்கம் போட்டு அனுப்புவார்.

ஒருமுறை மகனுக்குக் கடும் காய்ச்சல் என்று எழுதினேன். என்ன மருந்து கொடுக்க வேண்டும், எந்த டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று இவர் பக்கம் பக்கமாக எழுதிய பதில் வந்தபோது பிள்ளை முற்றத்தில் ஓடித் திரிந்தான். செல்லடியைவிட இதுதான் எனக்குப் பாரம். யோசனை கேட்க வழியே இல்லை, எல்லாம் முடிந்தபின் செய்தியாகத்தான் சொல்லலாம்.

1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது மாமி வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் இருந்திருந்தால் அம்மாவோடு பேசியிருப்பார். நான் பேசினேன், அழுதேன், கடைசியில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது.

கொழும்பில் இவர் பிபிசி வானொலியின் தமிழோசையைக் கேட்டு லட்சக்கணக்கில் சனம் வெளியேறியதை மட்டும் அறிந்திருக்கிறார், நாங்கள் உயிரோடு இருப்பது தெரியாது. என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சர் வவுனியா போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இவருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். அதற்குள் நான் கொடிகாமத்தில் மரத்தடியில் பரீட்சைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன்.