தாத்தாவின் எண்பதுக்கு இயல்பான படங்கள் எடுக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, அடுத்த மாதம் தாத்தாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம், படம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு ஆள் வைத்து எடுத்த ஆல்பம் இருக்கிறது, அதில் எல்லோரும் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பது ஒரே ஒரு படத்தைத்தான்: பாட்டி அவருடைய அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டே ஏதோ திட்டுகிறார், தாத்தா சிரிப்பை அடக்கப் பார்க்கிறார். அது தெரியாமல் விழுந்த படமாம்!

இந்த முறை அப்படிப் பத்துப் படமாவது வேண்டும். சிக்கல் என்னவென்றால், கேமராவைக் கண்டதும் தாத்தா இரண்டு கையையும் தொடைமேல் வைத்து நிமிர்ந்துவிடுவார்.

என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (சற்றே சின்ன சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 கிட் ஜூம் லென்ஸ், குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். 50 எம்எம் லென்ஸில் தள்ளி நின்று எடுக்கலாம், ஆனால் கூட்டத்தில் பின்னால் நகர இடம் கிடைக்குமா தெரியவில்லை. ஃபிளாஷ் அடித்தால் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை வீட்டில் சோதித்தேன், 1/250 வினாடி வேகத்தில் எல்இடி வெளிச்சத்தில் வரிவரியாக விழுகிறது, 1/100க்கு இறக்கினால் வரி போய்விடுகிறது, ஆனால் அட்சதை தூவும் கை கலங்கிவிடுமே. மெக்கானிக்கல் ஷட்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதா? ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200க்கு ஏற்றினால் படம் பிரிண்டில் தாங்குமா? அப்புறம், பெரியவர்களைக் கேமராவை மறக்கவைக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?