துவக்கின் விலையை விட வெடியின் விலை

வெள்ளவத்தை உறுப்பினர்:

சென்ற வருடம் ஒன்ராறியோவில் தங்கச்சி வீட்டில் ஒரு மாதம் நின்றேன். மச்சான் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வடக்கே மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர். அவரிடம் மார்லின் 1895 ஒன்று இருக்கிறது, .45-70 என்ற வகை ரவை (தோட்டா) போடும் லீவர் துவக்கு, அதாவது விசைக்குக் கீழே உள்ள பிடியை இறக்கி ஏற்றி அடுத்த ரவையை ஏற்றும் துவக்கு. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் இல்லாதவரும் அங்கே சுடலாம் என்பதால் என்னையும் ரேஞ்சுக்கு, சுட்டுப் பழகும் இடத்துக்கு, கூட்டிப் போனார். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் இந்த வகைத் துவக்கு வாங்க யோசிப்பதாக இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தபடியால் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் உதை. அப்பாவிடம் பயிர்க்காவலுக்கு லைசென்ஸோடு 12 போர் துவக்கு ஒன்று இருந்தது. இளவயதில் அதைச் சுட்டிருக்கிறேன், ஆகையால் பயமில்லாமல்தான் போனேன். இந்த ரவையின் 405 கிரெய்ன் குண்டு என்றால் 26 கிராம் (கிரெய்ன் என்பது குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறிய அளவு). 12 போர் தோட்டாவில் போகும் சன்னங்கள் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய அவ்வளவுதான். மருந்து குறைந்த மெல்லிய ரவையைத் தாங்கலாம். பலத்த ரவை போட்டதும் ஐந்தாவது வெடியில் கண் தானாக மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இலக்கில் படவில்லை.

இனி காசு. 20 ரவை கொண்ட கடைப் பெட்டிக்கு மச்சான் 80 டாலர் கொடுத்தார். ஒரு வெடி 4 டாலர். எங்கள் காசில் 800 ரூபாய்க்கு மேல், இங்கே ஒரு நேரச் சாப்பாடு. ஒரு பின்னேரத்தில் இரண்டு பெட்டி முடிந்தது. அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் பதறியது.

அதனால்தான் அவர் வீட்டின் கீழறையில் தானே ரவை செய்கிறார். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிவந்து துப்புரவாக்கி, அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, ஈயக்குண்டு வைத்தால் கடை விலையில் பாதியும் வராது என்று கொப்பியில் எழுதிக் காட்டினார். நேரான சுவருள்ள கோது, ஆகவே பழகுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் அழுத்தும் பிரஸ், கோதை அளவாக்கும் டை (அச்சு), தராசு என்று போட்ட காசு திரும்பிவர நூற்றுக்கணக்கில் சுட வேண்டும். வருடத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறவர் அந்தப் பக்கமே போகத் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனம். இது 1873இல் அமெரிக்க இராணுவத்துக்கு வந்த ரவை. 70 என்பது அன்று போட்ட கரிமருந்தின் கிரெய்ன் எடை. அந்தக் காலத்து இராணுவத் துவக்கான ஸ்பிரிங்ஃபீல்டுகளை இன்றும் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ரவை செய்யும் கைப்புத்தகங்களில் மருந்தளவு மூன்று பகுதியாக இருக்கும்: ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மெல்லியது, மார்லின் போன்றவற்றுக்கு நடுத்தரம், ரூகர் நம்பர் 1 என்ற உறுதியான துவக்குக்குப் பலமானது. பக்கம் மாறினால் துவக்கும் போகும், கையும் போகும்.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

எங்கள் அண்ணா ஆஸ்திரேலியாவில் இதே ரவைக்கு ஒரு லீவர் துவக்கு வாங்கி இரண்டு வருடம் வைத்திருந்தார். நான் போயிருந்தபோது அவர் செய்த ரவைகளில் ஒன்று ஏறாமல் லீவர் பாதியில் நின்றுவிட்டது. கோதின் வாயைச் சரியாக இறுக்கி மடிக்கவில்லை. குழலுக்குக் கீழேயுள்ள குழாய் மகசினில் ரவைகள் ஒன்றின் பின் ஒன்றாக வரிசையாகக் கிடப்பதால் ஸ்பிரிங்கும் உதையும் சேர்ந்து குண்டைக் கோதுக்குள்ளே தள்ளியிருந்தது. அப்படித் தள்ளுண்ட ரவையைச் சுட்டால் அமுக்கம் ஏறிவிடும். அன்று செய்த எல்லாவற்றையும் கழற்றினோம், ஒரு பின்னேரம் முழுவதும். குண்டின் முனை தட்டையாக இருப்பதும் இந்தக் குழாயால்தான். கூர்முனை முன்னாலிருக்கும் ரவையின் பிரைமரை இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும்.

அண்ணா அதைக் கடைசியில் விற்றதற்குக் காரணம் செலவில்லை, தூரம். 100 யார் (கெஜம்) தூரத்துக்குக் குறி சரிசெய்த துவக்கில் 405 கிரெய்ன் கடை ரவை 200 யாரில் இரண்டு அடி கீழே போகிறது. அவர் இருப்பது வெட்டை வெளி. காட்டுப்பன்றி 60 யாருக்குள் நிற்காது. இப்போது .308 என்ற வேறு ரவை போடும் போல்ட் துவக்கு (கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து ஏற்றுவது) வைத்திருக்கிறார், ரவையும் மலிவு.

வெள்ளவத்தை உறுப்பினர்:

வெட்டை வெளிக்கு இது வேண்டாம் என்றுதான் மச்சானும் சொல்கிறார். அவர் சுடுவது அடர்ந்த காட்டில், 80 யாருக்குள்.

பராமரிப்புச் செலவு பெரிதில்லை. மார்லினில் லீவரின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் வந்துவிடும், குழலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். அளவில்லாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டு முன்பு ஒருமுறை ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்துவிட்டாராம், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. உதைக்கு ஸ்க்ரூக்கள் இளகும் என்பதால் ரேஞ்சுக்குப் போய்வந்த நாளிலெல்லாம் ஒருதரம் இறுக்கிப் பார்ப்பார்.

போன கிழமை கதைத்தபோது பயிற்சிக்கு 300 கிரெய்ன் குண்டும் மெல்லிய மருந்தும் என்று மாறிவிட்டதாகச் சொன்னார். காட்டுக்குக் கொண்டுபோகும் ஐந்தாறு ரவை மட்டும் கடைப் பெட்டியிலிருந்து. அந்த ஒரு பெட்டி அவருக்கு மூன்று வருடம் காணுமாம்.