அம்மாவுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் எந்தக் குளிசை?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். 72 வயது அம்மாவுக்கு அடுத்த வாரம் பித்தப்பைச் சத்திரசிகிச்சை. பயத்தில் உறக்கமில்லை, எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைத்துவிட்டார். பதற்றம் தணிய முன்கூட்டியே ஒரு குளிசை தரலாம் என்றார் வைத்தியர். டயசிபாம் ஒரு நாளுக்கு மேலும் உடலில் தங்கும்; மிடசோலம் சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். ஆனாலும் இரண்டும் ஒரே மருந்துக் குடும்பம்தான், முதியவர்களுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் வரக்கூடும். உறக்கத்துக்கு உடலே சுரக்கும் மெலட்டோனினைக் குளிசையாகத் தந்தாலோ, பதற்றத்தைத் தணிப்பதில் ஏறத்தாழ அவற்றுக்கு ஈடு என்கிறது, பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த கொக்ரேன் மீளாய்வு. என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

வியாழக்கிழமை மயக்கமருந்து நிபுணரைச் சந்திக்கிறோம். அம்மாவின் பலத்த குறட்டையைக் கட்டாயம் சொல்வேன். வேறு என்ன கேட்க வேண்டும்? இந்த வயதில் இவற்றை எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால், மறுநாள் தெளிவு எப்படியிருந்தது என்று எழுதுங்கள். "கடவுளை நம்புங்கள்" என்பது மட்டும் வேண்டாம்; அது அம்மாவிடமே நிறைய இருக்கிறது.