பீட்டில் என்ஜின் ஹெட்டுக்கு ஆர்கான் வெல்டிங்: மதுரையில் யாரிடம் போகலாம்?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் 'ஃபார்முலா வி' என்று ஒரு விமானப் பந்தயம் உண்டு. கோடிகளைக் கொட்டாமல், வோல்க்ஸ்வாகன் பீட்டில் காரின் 1600 சிசி என்ஜினை வைத்து ஒற்றை ஆள் விமானம் கட்டி, கம்பங்களைச் சுற்றிப் பறப்பார்கள். ஜான் மோனட் 1970களில் இதற்காகவே வடிவமைத்த சோனெராய் விமானத்தின் இறக்கையை மடக்கி, காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடலாம். பள்ளிக்காலத்தில் இதைப் படித்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

பறக்கும் யோசனை இப்போது இல்லை. அந்த என்ஜினைத் தரையில் ஒரு ஸ்டாண்டில் பூட்டி, புரொப்பெல்லர் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பீட்டில் என்ஜின் ஒன்றும் கிடைத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி), ஸ்பார்க் பிளக் துளையிலிருந்து வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) வரை முடி போல ஒரு விரிசல். காற்றில் குளிரும் என்ஜின், சூடு அதிகமானால் முதலில் அடி வாங்குவது இந்த இடம்தான். ஒரு பட்டறையில் பற்றவைத்துத் தந்தார்கள். ஆறியதும் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விட்டுவிட்டது. மனசே உடைந்துபோனது.

புதூர், கப்பலூர் சிட்கோ பக்கம் அலுமினிய ஹெட்டை முறையாகச் சூடாக்கி ஆர்கான் வெல்டிங் செய்து, வால்வு சீட்டையும் புதிதாகப் போட்டுத் தருபவர் யாராவது இருக்கிறார்களா? அப்புறம், கிராங்க் (என்ஜினின் சுழலும் தண்டு) முனையில் புரொப்பெல்லர் ஹப் (புரொப்பெல்லரைத் தாங்கும் நடுப்பகுதி) பொருத்த, துல்லியமாக டேப்பர் (கூம்பு போன்ற சரிவு) பிடிக்கும் லேத்காரர் வேண்டும். இதில் கொஞ்சம் ஆடினாலும் ஆபத்து. தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்கள், நானே நேரில் போய்ப் பார்க்கிறேன்.