காசநோய்க்கு வந்த வெளிநாட்டுப் பணம் பொதுச் சுகாதாரத்தை வளர்த்ததா?

கேள்வி: பொருளியல் ஆசிரியை

வணக்கம். முதுகலை மாணவர்களுக்கு வளர்ச்சிப் பொருளியல் நடத்துகிறேன். வெளிநாட்டு உதவி பற்றிய பாடத்துக்குக் காசநோயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கத் தொடங்கியபோது, கணக்கு எனக்குப் பிடிபடாமல் போயிற்று. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்திருக்கிறது; 12.5 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். நோயைத் தடுக்கவும் கண்டறியவும் குணப்படுத்தவும் அந்த ஆண்டில் கிடைத்த பணம் 570 கோடி டாலர். 2027க்குள் ஆண்டுக்கு 2,200 கோடி டாலர் திரட்டுவதாக ஐ.நா. பொதுச் சபையின் உயர்மட்டக் கூட்டத்தில் நாடுகள் ஒப்புக்கொண்டன என்பதை நினைத்தால், கிடைத்தது கால் பங்குதான். ஆனால் அந்த 570 கோடியிலும் ஏறக்குறைய 80 விழுக்காடு அந்தந்த நாடுகளின் சொந்தப் பணம்.

அப்படியிருக்க, 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் எல்லாமே குலைந்துவிடும் என்பதுபோல் ஏன் பேசப்பட்டது? அமெரிக்கா இதற்கென நாடுகளுக்கு நேரடியாகக் கொடுத்து வந்தது ஆண்டுக்கு 20 முதல் 25 கோடி டாலர் என்கிறார்கள். மொத்தத்தில் அது ஐந்து விழுக்காடுகூட இல்லை. இவ்வளவு சிறிய தொகை நின்றதால் ஆட்டம் காணும் அமைப்பை, இத்தனை ஆண்டு உதவி உண்மையிலேயே வளர்த்தது என்று சொல்ல முடியுமா? களத்திலோ கணக்கிலோ அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: திட்டக் கணக்கர்

அம்மா, அந்த 80 விழுக்காடு ஒரு சராசரி. சராசரியைத் தூக்கி நிறுத்துபவை பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகள். இவற்றின் செலவு பெரியது, அதில் பெரும்பகுதி உள்நாட்டுப் பணம். இவற்றைக் கழித்துவிட்டு ஏழை நாடுகளை மட்டும் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும்: குறைந்த வருமான நாடுகளில் காசநோய்க்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அமெரிக்கா நேரடியாகக் கொடுத்ததையும் மொத்தச் செலவோடு ஒப்பிடாமல், வெளிநாட்டு உதவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் அது ஏறத்தாழ கால் பங்கு. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்துக்கு மிகுதியாகக் கொடுப்பதும் அதே நாடுதான் என்பதால், அந்த வழியையும் சேர்த்தால் பங்கு பாதியை நெருங்கும்.

தொகையைவிட அது எந்தச் செலவுக்குப் போனது என்பதே உங்கள் முதல் கேள்விக்கு விடை தரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தகைய திட்டமொன்றில் நான் கணக்கு எழுதியிருக்கிறேன். மலைப்பகுதிச் சிற்றூரில் ஒருவர் இரண்டு வாரமாக இருமுகிறார் என்று வையுங்கள். அங்குள்ள சிறு மருந்தகத்தில் சளியைச் சோதிக்கும் ஜீன் எக்ஸ்பெர்ட் கருவி இருக்காது. அது மாவட்ட மருத்துவமனையில் இருக்கும். சளியைத் திருகுமூடிக் குப்பியில் எடுத்து, பெயரும் தேதியும் எழுதி, படிவத்தைத் தனி உறையில் இட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தால், குறித்த கிழமையில் மோட்டார் சைக்கிள்காரர் வந்து எடுத்துப் போவார். கருவியில் இட்ட பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று இரண்டுமே தெரிந்துவிடும். முடிவு கைபேசிக் குறுஞ்செய்தியாகச் சிற்றூருக்குத் திரும்பி வரும். இந்தத் தொடரில் கட்டடம், செவிலியர் சம்பளம், முதல்நிலை மருந்துகள் ஆகியவை பல இடங்களில் அரசின் செலவு. மோட்டார் சைக்கிள்காரரின் பயணக்கூலி, பெட்ரோல், சோதனைக் கார்ட்ரிட்ஜ், கருவிப் பராமரிப்பு, குறுஞ்செய்திக் கட்டணம், தகவல் பதிவாளரின் ஊதியம் ஆகியவை உதவிப் பணம். பேரேட்டில் இவை சின்னச் சின்ன வரிகளாகத்தான் இருக்கும்.

நிறுத்தாணை வந்தால் கிடங்கில் மாத்திரை இருக்கும், மருத்துவமனையில் கருவி இருக்கும், ஆனால் பெட்டியை எடுக்க ஆள் வராது. 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையில் மருந்து வழங்கல், ஆய்வகம், தகவல் பதிவு, களப்பணியாளர் என்று பட்டியலிட்டபோது, சளி மாதிரிப் போக்குவரத்தைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் இதுதான். பாதியில் சிகிச்சை நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகும் என்பதால், இந்த இடைவெளி பணம் திரும்ப வந்ததும் அடைபட்டுவிடுவதில்லை.

மறுமொழி 2: பொதுச் சுகாதாரம் படித்தவன்

இரண்டாவது கேள்விக்கு வரலாற்றில் இரண்டு இடங்களைக் காட்டலாம். முதலாவது நம் சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்ததில், நெருக்கடியான வீட்டில் எளிய உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்பதும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் 1959இல் தெரிந்தது. படுக்கைகளைப் பெருக்கினால்தான் காசநோயை வெல்ல முடியும் என்ற எண்ணம் உலகெங்கும் அதற்குப் பிறகே தளர்ந்தது. வந்த உதவி பணமாக அதிகமில்லை. நுட்பமும் ஆட்களுமாக வந்து, உள்ளூரில் ஒரு நிறுவனத்தை விட்டுச்சென்றது. சேத்துப்பட்டில் இன்றும் அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

இரண்டாவது இடம் தான்சானியா. 1977இல் அங்கே தேசியக் காசநோய், தொழுநோய்த் திட்டம் தொடங்கியபோது, பன்னாட்டுக் காசநோய்ச் சங்கத்தின் சார்பில் வழிகாட்டியவர் கரேல் ஸ்டைப்லோ. நாஜி வதைமுகாமில் தாமே காசநோய்க்கு ஆளானவர் அவர். ஐரோப்பிய உதவிப் பணம் கையில் இருந்தும், காசநோய்க்கென்று தனி மருத்துவமனைகளை எழுப்பாமல், இருக்கிற மாவட்ட மருத்துவமனை, இருக்கிற நுண்ணோக்கி, இருக்கிற அரசுப் பணியாளர் ஆகியவற்றின் மீதே திட்டத்தை ஏற்றினார். மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர்; காலாண்டுக்கு ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து, அந்தக் காலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று பெயர் பெயராகக் கணக்குக் காட்ட வேண்டும். ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகிய காலச் சிகிச்சை விலை கூடியதாக இருந்தும், ஏழை நாட்டிலேயே அது கட்டுப்படியாகும் என்பதை அந்தப் பதிவேடுகளே மெய்ப்பித்தன. 1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசரநிலை என்று அறிவித்ததற்கும், பின்னர் 'டாட்ஸ்' என்ற பெயரில் அந்த முறை நாடு நாடாகப் பரவியதற்கும் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது.

இந்தியாவிலும் 1993இல் சோதனை முறையில் தொடங்கி, 1997 முதல் உலக வங்கிக் கடனோடு விரிந்து, 2006இல் நாடு முழுவதையும் எட்டியது இந்த முறைதான். ஆனால் அந்தத் திட்டத்துக்காக உருவான முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் போன்ற பணியிடங்கள் ஒப்பந்தப் பணிகளாகவே நீடிக்கின்றன என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வெளிப்பணத்தில் தோன்றிய வேலையை அரசு ஏற்றுக்கொள்வது வேறு, அந்த வேலையைச் செய்பவரை ஏற்றுக்கொள்வது வேறு.

மறுமொழி 3: தணிக்கையாளர்

மேலே சொன்ன இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்தான், ஆனால் இரண்டும் பழையவை. 2002இல் உலக நிதியம் வந்த பிறகு பணம் பல மடங்கு பெருகியது. அதோடு தனிப் பாதைகளும் பெருகின. நன்கொடையாளருக்கு அவருடைய பணத்தால் எத்தனை நோயாளி என்ற எண்ணிக்கை வேண்டும். அதற்குத் தனி மென்பொருள், தனிக் கிடங்கு, தனி வங்கிக் கணக்கு. அரசு ஆய்வக நுட்பநர், பக்கத்திலேயே இரட்டிப்புச் சம்பளத்தில் திட்ட வேலை கிடைத்தால் போகாமல் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் விட்டுப்போன இடம், மலேரியாவும் இரத்தச்சோகையும் பார்க்கிற பொது ஆய்வகத்தில் காலியாகவே கிடக்கிறது. அந்த இழப்பு எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவாக ஏறுவதில்லை.

நிலையற்ற தன்மை 2025இல் புதிதாக வந்ததும் இல்லை. 2005இல் முறைகேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் உகாண்டாவுக்கான மானியங்களை உலக நிதியம் நிறுத்தி வைத்தது. தவறு செய்தவர் எங்கோ இருக்க, மருந்துக்குக் காத்திருந்தவர் தண்டிக்கப்பட்டார் என்ற விமரிசனம் அப்போதே எழுந்தது. 2011 நவம்பரில் பணம் போதவில்லை என்று பதினோராவது சுற்று மானியம் முழுவதையும் கைவிட்டார்கள். இத்தனை முன்னெச்சரிக்கை கிடைத்தும் அரசுகள் என்ன செய்தன? அரசுச் செலவில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001இல் அபுஜாவில் அறிவித்தார்கள். பெரும்பாலான நாடுகள் இன்றுவரை அதை எட்டவில்லை. உதவி வருகிறது என்ற நிம்மதியும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. எனவே ஆசிரியரின் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பேன்.

மறுமொழி 4: மருந்துக் கொள்முதல், ஓய்வு

தணிக்கையாளர் ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் சொந்தப் பணம் வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் நாட்டில் காசநோய் மருந்தை மத்திய அரசு தன் பணத்தில்தான் வாங்குகிறது. இருந்தும் 2024இல் கொள்முதல் தாமதமாகித் தட்டுப்பாடு வந்தது. மூன்று மாதத்துக்கு மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளும்படி மார்ச் மாதம் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. பணம் இருந்தது, டெண்டர் நேரத்துக்கு முடியவில்லை.

சிறிய நாட்டின் நிலைமை இன்னும் கடினம். ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத் தேவைப்படும் மருந்துக்கு டெண்டர் விட்டால் விலை சொல்லவே ஆள் வர மாட்டார்கள். அதற்காகத்தான் 2001இல் உலகளாவிய மருந்து வசதி என்ற கூட்டுக் கொள்முதல் அமைப்பு தொடங்கப்பட்டது. பல நாடுகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி, தரம் பார்த்து, விலை பேசி வாங்குவது அதன் வேலை. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் பெடாக்குவிலின் மருந்தின் விலை குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. பங்கு அதற்கு மட்டும் இல்லை: அந்த மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்ட விண்ணப்பத்தை 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது, நோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் தொடுத்த ஆட்சேபம் அதற்கு வழி செய்தது. ஜீன் எக்ஸ்பெர்ட் கார்ட்ரிட்ஜும் அப்படியே. 2012இல் அமெரிக்க அரசு, யுனிட்எய்ட் என்ற பன்னாட்டு நிதி அமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவை பணம் போட்டு விலையை 9.98 டாலருக்குக் கொண்டுவந்தன. 2023இல் நோயாளர் அமைப்புகளின் நெருக்குதலுக்குப் பிறகே அது 7.97 ஆனது. இப்படிக் குறைந்த விலையால், உதவியே வாங்காத நாடும் பயன்பெறுகிறது. நாட்டுவாரிக் கணக்கில் இது தெரியாது.

சொந்தப் பணம் எதற்கு மிகவும் ஏற்றது என்று கேட்டால், தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைக் காட்டுவேன். 2022 ஏப்ரலில் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, இரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலைமை மோசமாக இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் அதன் சாரம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் இருக்க வேண்டும், மாவட்ட மருத்துவமனையில் படுக்கை இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே பேச்சு இருக்க வேண்டும். இவை ஏற்கெனவே இருந்த மாநிலத்தில்தான் இது முடிந்தது.

பொருளியல் ஆசிரியை

நால்வருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த நிதி திரட்டலில் உலக நிதியம் 1,800 கோடி டாலர் கேட்டு, 1,134 கோடி டாலருக்கு உறுதிமொழி பெற்றதாகப் படித்தேன். இதில் காசநோய்க்கு என்ன மிஞ்சும்?

மறுமொழி 5: திட்டக் கணக்கர்

முந்தைய சுற்றில் நாடுகளுக்குப் பிரித்த தொகையில் முதல் 1,200 கோடி டாலர் வரை எச்.ஐ.வி.க்கு 50, மலேரியாவுக்கு 32, காசநோய்க்கு 18 விழுக்காடு என்பது விகிதம். அதற்கு மேல் வரும் பணத்தில்தான் காசநோயின் பங்கு 25 ஆக உயரும். ஜோகன்னஸ்பர்க்கில் கிடைத்த உறுதிமொழியே அந்த வரம்பை எட்டாதபோது, அதே விகிதம் தொடர்ந்தால் கூடுதல் பங்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. மூன்று நோய்களில் மிக அதிகமானோரைக் கொல்லும் நோய்க்கு மிகக் குறைந்த பங்கு ஏன் என்று இத்துறையினர் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். 2025 நடுவில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியங்களிலிருந்தும் 143 கோடி டாலரை உலக நிதியம் குறைத்துக்கொண்டது. வெட்டு வரும்போது மருந்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பயணம், பயிற்சி, வீடு தேடிச் சென்று நோயாளியின் குடும்பத்தைச் சோதிப்பது ஆகியவைதான் முதலில் போகும்.

வகுப்பில் பயிற்சியாகக் கொடுக்க விரும்பினால், ஏழை நாடு ஒன்றின் காசநோய்ச் செலவை வரி வரியாகப் பிரித்து, எந்த வரியை அரசு அடுத்த ஆண்டே ஏற்கலாம், எதற்குப் பத்தாண்டு வேண்டும், எதை எந்தச் சிறிய நாடும் தனியே செய்ய முடியாது என்று மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள்காரரின் கூலி முதல் வகை; அது உள்ளூர் நாணயத்தில் கொடுக்கப்படுவது, தொகையும் சிறியது. ஆய்வக நுட்பநர் பணியிடம் இரண்டாவது வகை. கூட்டுக் கொள்முதலும் புதிய மருந்து ஆய்வும் மூன்றாவது. நோயாளிக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த நோய்க்காக இழக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், அந்தக் குடும்பங்களின் செலவையும் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கும் உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசி, பருப்புக்கான அந்தச் செலவை எந்த வகையில் வைப்பது என்பதில் மாணவர்களுக்குள் நல்ல வாக்குவாதம் வரும்.